ஹென்றி டிரெண்ட்லி டீன்

ஹென்றி டிரெண்ட்லி டீன் (1893 - 1962) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பல் மருத்துவரும் பொதுச் சுகாதார ஆய்வாளரும் ஆவார். குடிநீரில் உள்ள புளோரைடின் அளவுக்கும் பற்சொத்தைக்கும் இடையிலான தொடர்பைப் பல நகரங்களில் கள ஆய்வு செய்து நிறுவியவர் இவரே. புளோரைடு குறைந்தால் சொத்தை பெருகுகிறது. மிகுந்தால் பல்லில் கறை படிகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கண்டறிவதே இவருடைய ஆய்வின் மையமாக இருந்தது. பற்களில் புளோரைடு ஏற்படுத்தும் பாதிப்பை மதிப்பிட இவர் வகுத்த முறை டீன் சுட்டெண் என அழைக்கப்படுகிறது.

இளமையும் பணியும்

டீன் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். 1916 ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். முதலாம் உலகப் போரின்போது இராணுவப் பல் மருத்துவராகப் பணியாற்றினார். 1921 இல் ஐக்கிய அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையில் சேர்ந்தார்.

ஆய்வின் பின்னணி

கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்பு நிறக் கறை பரவலாகக் காணப்பட்டது. 1901 இல் அங்கு மருத்துவம் செய்யச் சென்ற பிரெடெரிக் மெக்கே என்னும் பல் மருத்துவர் இதன் காரணத்தை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தேடினார். கறை படிந்த பற்களில் சொத்தை குறைவாக இருப்பதையும் அவர் கவனித்தார். குடிநீரின் மீது அவருக்கு ஐயம் இருந்தபோதிலும், அக்காலத்து வேதியியல் சோதனைகள் அதில் எதையும் காட்டவில்லை. 1931 இல் அலுமினிய நிறுவனம் ஒன்றின் தலைமை வேதியியலாளரான எச். வி. சர்ச்சில், ஆர்கன்சா மாநிலத்தின் பாக்சைட் நகரக் குடிநீரில் மிகுந்த அளவு புளோரைடு இருப்பதைக் கண்டறிந்தார். இதனால் கறையின் காரணம் தெளிவாயிற்று.

அதே ஆண்டில் தேசிய நலவாழ்வுக் கழகத்தில் பல் ஆய்வுப் பொறுப்பை டீன் ஏற்றார். எந்த அளவு வரை புளோரைடு இருந்தால் கறை தோன்றாது என்பதே அவர்முன் இருந்த முதற் கேள்வி.

டீன் சுட்டெண்

கறை எந்தெந்த ஊர்களில் காணப்படுகிறது என்று நாடெங்கும் உள்ள பல் மருத்துவச் சங்கங்களுக்குக் கடிதம் எழுதி டீன் தகவல் திரட்டினார். பின்னர் அவ்வூர்களுக்கு நேரில் சென்று குழந்தைகளின் பற்களைச் சோதித்தார். பொதுச் சுகாதாரச் சேவையின் வேதியியலாளர் எலியாஸ் எல்வோவ், நீரில் உள்ள புளோரைடை லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவுக்குத் துல்லியமாக அளக்கும் முறையை உருவாக்கித் தந்தார்.

வெவ்வேறு ஊர்களின் நிலையை ஒப்பிட, பாதிப்புக்கும் ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. 1934 இல் டீன் இதற்கான வகைப்பாட்டை வெளியிட்டு, 1942 இல் திருத்தி அமைத்தார். திருத்திய முறையில் பற்கள் இயல்பு, ஐயத்திற்குரியது, மிக இலேசானது, இலேசானது, மிதமானது, கடுமையானது என ஆறு நிலைகளாகப் பிரிக்கப்படுகின்றன.

21 நகரங்களின் ஆய்வு

கறை படிந்த பற்களில் சொத்தை குறைவு என்ற மெக்கேயின் கருத்தை டீன் அடுத்து ஆராய்ந்தார். இல்லினாயில் புளோரைடு மிகுந்த கேல்ஸ்பர்க், மன்மத் நகரங்களின் குழந்தைகளை, புளோரைடு குறைந்த மெக்கோம்ப், குவின்சி நகரங்களின் குழந்தைகளுடன் ஒப்பிட்டார். முதலிரு நகரங்களில் சொத்தை வெகுவாகக் குறைந்திருந்தது.

இந்த ஆய்வு பின்னர் நான்கு மாநிலங்களில் உள்ள 21 நகரங்களுக்கு விரிவடைந்தது. 12 முதல் 14 வயது வரையுள்ள 7,257 குழந்தைகள் சோதிக்கப்பட்டனர். லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் புளோரைடு உள்ள நீரைக் குடித்தவர்களிடம் சொத்தை பெரிதும் குறைந்திருந்தது. கறையோ கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவிலேயே இருந்தது. அதற்கு மேல் புளோரைடு கூடியபோது சொத்தை சற்றே குறைந்தது. கறை மட்டும் மிகுந்தது.

கிராண்ட் ராப்பிட்ஸ்

இயற்கையில் காணப்பட்ட இப்பயனைச் செயற்கையாகவும் பெற முடியுமா என்பதை அறிய, மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1945 சனவரி 25 அன்று அந்நகரக் குடிநீரில் புளோரைடு சேர்க்கப்பட்டது. உலகில் இவ்வாறு செய்த முதல் நகரம் இதுவே. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட அருகிலுள்ள மஸ்கீகன் நகரில் எதுவும் சேர்க்கப்படவில்லை.

ஆய்வு 15 ஆண்டுகளுக்குத் திட்டமிடப்பட்டிருந்தது. எனினும் அது முடியும் முன்பே, 1950 இல், பொதுச் சுகாதாரச் சேவை இம்முறைக்கு ஆதரவளித்தது. 1951 இல் மஸ்கீகன் நகரமும் புளோரைடைச் சேர்க்கத் தொடங்கியதால் ஒப்பீட்டு நகரம் இல்லாமற் போயிற்று. திட்டம் தொடங்கிய பின் கிராண்ட் ராப்பிட்ஸில் பிறந்த குழந்தைகளிடம் சொத்தை 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக அறிவிக்கப்பட்டது.

பதவியும் விருதும்

1948 இல் தேசிய பல் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டபோது டீன் அதன் முதல் இயக்குநரானார். 1953 வரை அப்பதவியில் இருந்தார். 1952 இல் மெக்கேயுடன் இணைந்து லாஸ்கர் விருது பெற்றார். 1962 இல் காலமானார்.

பிற்கால மதிப்பீடு

புளோரைடு பல் உருவாகும்போதே அதனுள் சேர்ந்து காக்கிறது என்று டீனின் காலத்தில் கருதப்பட்டது. பல்லின் மேற்பரப்பில் அது செயற்படுவதே முதன்மையானது என்பது பின்னர் தெரியவந்தது. புளோரைடு கலந்த பற்பசை பரவிய பிறகு, குடிநீரில் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பயன் முன்பைவிடக் குறைவு என அண்மைய மீளாய்வுகள் காட்டுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் அளவு 2015 இல் 0.7 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. 2025 இல் யூட்டா, புளோரிடா மாநிலங்கள் குடிநீரில் புளோரைடு சேர்ப்பதைத் தடை செய்தன.

தமிழ்நாட்டில் டீனின் ஆய்வினது மறுபக்கமே மிகுதியாகக் காணப்படுகிறது. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இயற்கையாகவே புளோரைடு மிகுந்துள்ளது. அங்கு புளோரைடைச் சேர்ப்பதன்று, தவிர்ப்பதே தேவை. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்நோக்கத்துடன் 2013 இல் செயற்பாட்டுக்கு வந்தது. இத்தகைய பகுதிகளில் குழந்தைகளின் பற்பாதிப்பை மதிப்பிட டீன் சுட்டெண்ணே பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது.