எலும்பின் கணக்கை அளந்தவர்: எல்லப்பிரகட சுப்பாராவ்

எஸ்.டி.பி.எம். உயிரியல் படித்தவர்கள் ஏ.டி.பி. என்ற பெயரை மறக்க மாட்டார்கள். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் ஆற்றலுக்கு நம்பியிருக்கும் மூலக்கூறு அது. அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர், பள்ளியிறுதித் தேர்வில் இரண்டு முறை தோற்றவர் என்பது பலருக்குத் தெரியாது.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். தந்தை இறந்த பிறகு, தாயார் நகைகளை விற்றுப் படிக்க வைத்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

அந்த நாட்களில் 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய் அவருடைய சகோதரர்கள் இருவரை அடுத்தடுத்துப் பலிகொண்டது. அவரும் அதே நோயில் விழுந்து பிழைத்தார். மருந்தைத் தேட வேண்டும் என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது. 1922 அக்டோபரில் அவர் பாஸ்டன் நகரில் இறங்கினார். இரவில் மருத்துவமனையில் எடுபிடி வேலை, பகலில் ஹார்வர்டில் படிப்பு.

எலும்பு என்றதும் நமக்குச் சுண்ணாம்புச் சத்து மட்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கால்சியம் பாஸ்பரசுடன் சேர்ந்தால்தான் எலும்பு கெட்டிப்படும். உடலிலுள்ள பாஸ்பரசில் சுமார் 85 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. கால்கள் வளையும் ரிக்கெட்ஸ் நோயுள்ள குழந்தைகளின் இரத்தத்தில் பாஸ்பரஸ் குறைந்திருப்பது அப்போதே தெரிந்திருந்தது. அதைச் சிறிதளவு இரத்தத்தில் துல்லியமாக அளப்பதுதான் சிரமமாக இருந்தது.

பெல், டாய்சி என்ற இருவர் 1920இல் ஒரு வழி சொன்னார்கள். மொலிப்டினம் சேர்ந்த கரைசல் பாஸ்பரசுடன் சேர்ந்து நீலமாகும். நீலத்தின் அடர்த்தியே அளவு. அந்த முறையில் குறைகள் இருந்தன. பேராசிரியர் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து சுப்பாராவ் அவற்றைச் சரிசெய்து 1925இல் வெளியிட்டார். 'ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை' உலகெங்கும் பரவியது. இன்று ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ எலும்பு பலவீனத்துக்காக இரத்தப் பரிசோதனை செய்தால், கால்சியத்துடன் பாஸ்பேட் அளவையும் பார்ப்பது உண்டு.

மேலே சொன்ன எட்வர்ட் டாய்சிதான் பின்னாளில் வைட்டமின் கே-யின் வேதியியல் அமைப்பைக் கண்டறிந்தார். அந்த வைட்டமினை முதலில் இனங்கண்ட டென்மார்க்கின் ஹென்ரிக் டாமும் அவரும் 1943ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்தனர். இரத்தம் உறைய வைட்டமின் கே தேவை. எலும்பிலுள்ள ஒரு புரதம் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளவும் அதுவே வேண்டும் என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. தோட்டத்து லயன்களின் பின்புறம் வளர்ந்த முருங்கைக்கீரையும் பசலையும் அந்தச் சத்தைத் தருபவையே.

டாய்சிக்குப் பரிசு கிடைத்தது. சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தரப் பதவிகூடக் கிடைக்கவில்லை. பாஸ்பரசை அளந்த கைகளே 1927இல் தசையில் பாஸ்போகிரியாட்டினையும், 1929இல் ஏ.டி.பி.யையும் பிரித்துக் காட்டியிருந்தன. ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டு ஏ.டி.பி.யைத் தனியே கண்டிருந்தார்.

1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். அவர் வழிநடத்திய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு அது மருந்தானது. இன்று பேராக்கில் கருவுற்ற பெண்களுக்கு கிளினிக்கில் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையின் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்த அமினோப்டெரினும், யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசானும் அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தன.

1948 ஆகஸ்டில், 53 வயதில், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அமெரிக்கா போனவர் தாயகம் திரும்பவே இல்லை. மனைவி சேஷகிரியை மீண்டும் பார்க்கவும் இல்லை. பிறந்து நூறாண்டு ஆன 1995இல் இந்தியா அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

மூன்று முறை எழுதித் தேறிய தேர்வு அவருடைய அறிவை அளக்கவில்லை. எஸ்.பி.எம். முடிவு கைக்கு வரும் நாளில் நம் மாணவர்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்திருப்பது நல்லது.