வளைவை வசப்படுத்திய காலின் சாப்மன்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குக் காரில் ஏறியவர்கள் அந்தப் பயணத்தை எளிதில் மறக்க மாட்டார்கள். ஒவ்வொரு வளைவிலும் உடல் ஒரு பக்கம் சாயும். வயிறு புரட்டும். பின்னிருக்கையில் இருப்பவர் பிளாஸ்டிக் பையைத் தேடுவார். அதே சாலையில் சில கார்கள் தரையோடு ஒட்டிக்கொண்டது போல் வளைவுகளைக் கடந்து போகும். ஆனால் அவற்றுள் பல, சாலையில் உள்ள ஒவ்வொரு குழியையும் உள்ளே இருப்பவரின் முதுகுக்குச் சொல்லிவிடும்.

மெத்தென்ற கார் வேண்டுமா, வளைவில் உறுதியாக நிற்கும் கார் வேண்டுமா? இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது என்றுதான் பலரும் நினைத்தார்கள். அப்படியல்ல என்று செய்து காட்டியவர்களுள் முக்கியமானவர் ஆங்கிலேயப் பொறியாளர் காலின் சாப்மன். லோட்டஸ் கார் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். ஃபார்முலா ஒன் பந்தய உலகில் அவர் பெயரை அறியாதவர் இல்லை. ஆயினும் அவர் வாழ்நாள் முழுவதும் விடை தேடிய கேள்வி, நாம் ஒவ்வொருவரும் காரின் பின்னிருக்கையில் உணரும் கேள்விதான்.

பழைய கார் வியாபாரியான மாணவர்

1928ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் லண்டனை அடுத்த ரிச்மண்டில் சாப்மன் பிறந்தார். வடக்கு லண்டனின் ஹார்ன்சியில் அவருடைய தந்தை ஒரு மதுக்கூடத்தை நடத்தி வந்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சாப்மன் கட்டமைப்புப் பொறியியல் படித்தார். பாலங்களும் கட்டடங்களும் பாரத்தை எப்படித் தாங்குகின்றன என்பதைச் சொல்லித் தரும் படிப்பு அது. படிக்கும்போதே பல்கலைக்கழக விமானப் படைப் பிரிவில் சேர்ந்து விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

கைச்செலவுக்காக நண்பர் ஒருவரோடு சேர்ந்து பழைய கார்களை வாங்கி விற்றார். 1947இல் பிரிட்டிஷ் அரசாங்கம் தனியார் வாகனங்களுக்கான பெட்ரோல் ஒதுக்கீட்டை நிறுத்தியதும் பழைய கார்களை வாங்க ஆளில்லாமல் போயிற்று. கைவசம் இருந்தவற்றை நட்டத்துக்கு விற்ற பிறகு, விலைபோகாத ஓர் ஆஸ்டின் செவன் கார் மட்டும் மிஞ்சியது.

அந்தக் காரைச் சாப்மன் பிரித்துப் போட்டார். காதலி ஹேசல் வில்லியம்ஸ் குடும்பத்தாரின் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைதான் பட்டறை. ஒட்டுப்பலகையும் அலுமினியத் தகடும் கொண்டு புதிய உடலைக் கட்டினார். 1948இல் உருவான அந்தக் கார்தான் முதல் லோட்டஸ். 1952ஆம் ஆண்டின் முதல் நாளில் லோட்டஸ் பொறியியல் நிறுவனம் பிறந்தது. அதற்கு ஹேசல் கொடுத்த 25 பவுண்டு முதலாக அமைந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இருவரும் மணம் புரிந்தனர்.

சிக்கல் எங்கே இருக்கிறது?

கார் வளைவில் திரும்பும்போது அதைப் பாதையில் பிடித்து வைப்பவை நான்கு டயர்கள் மட்டுமே. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். அந்தப் பிடி நழுவினால் கார் பாதையை விட்டு விலகும். அதே நேரத்தில் காரின் மேற்பகுதி வெளிப்பக்கமாகச் சாய்கிறது. சாய்வு கூடும்போது டயரும் சாய்ந்து, தரையைத் தொடும் பரப்பு குறைகிறது.

சாய்வைக் குறைக்க எளிய வழி, சுருள்வில்லைக் கடினமாக்குவது. அன்றைய விளையாட்டுக் கார்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. சமமான பந்தயத் தடத்தில் அது சரிப்படும். மேடு பள்ளமான சாலையில் கடினமான வில் சக்கரத்தைத் துள்ள வைக்கும். சக்கரம் தரையை விட்டு எழும்பும் ஒவ்வொரு நொடியும் அந்த டயரின் பிடி சுழியம். இதனால் பயணிக்கு வசதி போகிறது. வளைவிலும் பிடி போகிறது.

சாப்மன் சிக்கலை மறுமுனையிலிருந்து பார்த்தார். வில் மென்மையாக இருக்கட்டும், சக்கரம் மேடு பள்ளங்களைத் தாராளமாக ஏறி இறங்கட்டும். அந்த அசைவைக் கட்டுக்குள் வைக்கும் வேலையை, நம் பட்டறைகளில் அப்சோபர் என்று சொல்லும் அதிர்வுத் தணிப்பான் பார்த்துக்கொள்ளட்டும். சாய்வைக் குறைக்கக் காரின் ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தினால் போதும். கார் சற்றே சாய்ந்தாலும் டயர் நிமிர்ந்து நிற்கும்படி, சக்கரத்தைத் தாங்கும் கைகளின் நீளத்தையும் கோணத்தையும் கணக்கிட்டு அமைக்க வேண்டும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. காரின் அடிச்சட்டம் முறுக்கிக் கொள்ளாமல் உறுதியாக இருக்க வேண்டும். சட்டமே வளைந்து கொடுத்தால், அதுவும் ஒரு வில்லாகிவிடும். தணிப்பான் இல்லாத வில். அப்போது சக்கரத்தின் கோணத்தை எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டாலும் பயனில்லை. கட்டமைப்புப் பொறியியல் படித்தவருக்கு இது விளங்கியதில் வியப்பில்லை.

சாப்மனின் பெரிய எதிரி எடை. அதே வளைவை அதே வேகத்தில் கடக்க, இரு மடங்கு எடையுள்ள காருக்கு இரு மடங்கு விசை வேண்டும். சக்கரத்தின் எடையும் அப்படித்தான். கனமான சக்கரம் மேட்டில் ஏறினால் கீழே இறங்கத் தாமதிக்கும். ஏறும்போது காரையும் தூக்கிப் போடும்.

எலீட் கற்றுத் தந்த பாடம்

1957இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் லோட்டஸ் எலீட் அறிமுகமானது. இரும்புச் சட்டமே பெரும்பாலும் இல்லாமல், கண்ணாடியிழையால் ஆன உடலே பாரம் முழுவதையும் தாங்கிய கார் அது. பார்த்தவர்கள் அதன் அழகில் சொக்கினர். சக்கரங்களின் சுமையைக் குறைக்கப் பின் பிரேக்குகளைக்கூடச் சக்கரத்திலிருந்து எடுத்துக் காரின் நடுப்பகுதியில் பொருத்தியிருந்தார் சாப்மன். வளைவுகளில் எலீட் அற்புதமாக ஓடியது.

ஆனால் உள்ளே இரைச்சல் தாங்க முடியவில்லை. இயந்திரத்தின் அதிர்வும் பல்சக்கரங்களின் சத்தமும் மத்தளம் போல அந்த உடலில் எதிரொலித்தன. வில் மென்மையாக இருந்தும் பயணம் இனிமையாக இல்லை. வசதி என்பது குலுக்கலை மட்டும் பொறுத்ததல்ல என்ற பாடத்தை எலீட் கற்றுத் தந்தது. அந்தக் கார் நிறுவனத்துக்கு லாபமும் தரவில்லை.

1962இல் வந்த எலான் அந்தப் பிழையைத் திருத்தியது. காரின் நடுவே முதுகெலும்பு போல, மடித்த இரும்புத் தகட்டால் ஒரு பெட்டிச் சட்டம் ஓடியது. அதன் இரு முனைகளும் கவட்டை போலப் பிரிந்து இயந்திரத்தையும் சக்கரங்களையும் தாங்கின. மேலே இருந்த கண்ணாடியிழை உடல் பயணிகளைச் சுமந்தால் போதும் என்றானது. தொடக்க கால எலானின் எடை 700 கிலோகிராமுக்கும் குறைவு. வில்கள் மென்மையானவை, சக்கரங்கள் ஏறி இறங்க இடம் தாராளம். கரடுமுரடான கிராமச் சாலையில் நிதானமாகவும், வளைவில் கூர்மையாகவும் ஓடியது. வசதியையும் பிடியையும் ஒரே காரில் கொடுக்கலாம் என்பதற்கு அதுவே சான்றானது. பல ஆண்டுகளுக்குப் பின் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 காரை உருவாக்கியபோது, எலான் அதற்கு முன்மாதிரிகளுள் ஒன்றாக இருந்தது.

மெலிந்ததன் விலை

பந்தயத் தடத்திலும் அதே சிந்தனை வென்றது. 1962இல் வந்த லோட்டஸ் 25, குழாய்ச் சட்டத்துக்குப் பதிலாக விமானத்தைப் போல் தகடுகளாலேயே கட்டப்பட்டது. பழையதைவிட உறுதி கூடுதல், எடை குறைவு. அதை ஓட்டிய ஸ்காட்லாந்து வீரர் ஜிம் கிளார்க் 1963இல் உலக வெற்றியாளர் ஆனார். 1965இல் அவர் மீண்டும் உலக வெற்றியாளர் ஆனதோடு, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தையும் லோட்டஸ் காரில் வென்றார். 1966இல் லோட்டஸ் நிறுவனம் நார்ஃபோக் மாவட்டத்தின் ஹெத்தல் என்ற இடத்தில் இருந்த போர்க்கால விமானத் தளத்துக்கு இடம் மாறியது.

இந்த வெற்றிகளின் மறுபக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தேவைக்கு மேல் ஒரு கிராம்கூட இருக்கக் கூடாது என்பது சாப்மனின் கொள்கை. எது தேவை, எது மிகை என்ற கோட்டை அவர் மிக மெல்லியதாக வரைந்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. லோட்டஸ் கார்களின் பாகங்கள் முறிவது பந்தய உலகில் பேச்சாக இருந்தது.

அவருடைய வீரர் ஜோகென் ரிண்ட் இந்தக் கவலையைச் சாப்மனிடமே வெளிப்படையாகத் தெரிவித்தவர். 1970இல் ரிண்ட் ஓட்டிய லோட்டஸ் 72 காரில், முன் சக்கரங்களின் பிரேக்குகளும் காரின் உட்பகுதிக்கு மாற்றப்பட்டிருந்தன. சக்கரம் இலகுவானால் தரையை விடாமல் பற்றும் என்பதே காரணம். பிரேக்கையும் சக்கரத்தையும் ஒரு தண்டு இணைத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், இத்தாலியின் மொன்சா தடத்தில் அந்தத் தண்டுகளுள் ஒன்று முறிந்தது. கார் தடுப்பில் மோதி ரிண்ட் உயிரிழந்தார். விபத்தைத் தொடங்கி வைத்தது தண்டின் முறிவு என்றும், உயிரிழப்புக்குக் காரணம் சரியாகப் பொருத்தப்படாத தடுப்பு என்றும் பின்னர் இத்தாலிய விசாரணை முடிவு செய்தது. எஞ்சிய பந்தயங்களில் அவருடைய புள்ளிகளை எவரும் எட்டவில்லை. இறந்த பிறகு உலக வெற்றியாளர் பட்டம் பெற்ற ஒரே ஃபார்முலா ஒன் வீரராக ரிண்ட் நிலைத்துவிட்டார்.

நல்ல காரணத்துக்காகச் செய்த மாற்றமே ஓர் உயிரோடு தொடர்புபட்டுப் போயிற்று. எடையைக் குறைக்கும் பொறியாளர் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய நிகழ்வு இது.

மீண்டும் பழைய கேள்வி

1970களின் பிற்பகுதியில் சாப்மனும் அவருடைய குழுவினரும் இன்னொரு வழியைக் கண்டனர். காரின் அடிப்பகுதியைத் தலைகீழான விமான இறக்கை போல வடிவமைத்தால், அடியில் விரையும் காற்று காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்கும். எடை கூடாமலேயே டயர்களின் பிடி கூடும். லோட்டஸ் 79 காரில் மாரியோ அண்ட்ரெட்டி 1978இல் உலக வெற்றியாளர் ஆனார்.

போட்டியாளர்களும் இதைப் பின்பற்றினர். ஆனால் தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளி மாறாமல் இருந்தால்தான் இந்த உறிஞ்சு விசை நிலைக்கும். அதனால் வில்கள் கல் போல இறுகின. வீரர்கள் தடத்தின் ஒவ்வொரு மேட்டிலும் உலுக்கி எடுக்கப்பட்டனர். மென்மையான வில்லால் பெயர் பெற்றவரே, கடினமான வில்லைக் கட்டாயமாக்கும் காலத்தைத் தொடங்கி வைத்துவிட்டார்.

இதற்கு மாற்றாக 1981இல் லோட்டஸ் 88 என்ற காரை அவர் கொண்டுவந்தார். அதில் இரண்டு சட்டங்கள். வெளிச்சட்டம் காற்றின் அழுத்தத்தைக் கடினமான வில்கள் வழியே நேராகச் சக்கரங்களுக்குக் கடத்தும். உள்சட்டத்தில் ஓட்டுநர் மென்மையான வில்களின் மேல் அமர்ந்திருப்பார். பிடி ஒரு சட்டத்துக்கு, வசதி மற்றொரு சட்டத்துக்கு. மற்ற அணிகள் எதிர்ப்புத் தெரிவித்தன. கார் தடை செய்யப்பட்டது. சாப்மன் மனம் கசந்து போனார்.

அடுத்த முயற்சி இன்னும் துணிச்சலானது. சுருள்வில்லின் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தால் என்ன? உணரிகள் சக்கரத்தின் அசைவை அளக்கும், கணினி முடிவெடுக்கும், எண்ணெய் அழுத்தம் சக்கரத்தை ஏற்றி இறக்கும். மேட்டில் மெத்தென்றும் வளைவில் உறுதியாகவும் காரே தன்னை மாற்றிக்கொள்ளும். அத்தகைய சஸ்பென்ஷன் பொருத்திய பந்தயக் கார் 1982 டிசம்பர் 16ஆம் நாள் சோதித்துப் பார்க்கப்பட்டது. அதே நாளில் சாப்மன் மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 54.

அவர் மறைந்தபோது லோட்டஸ் அணியின் கணக்கில் ஏழு தயாரிப்பாளர் பட்டங்களும் ஆறு ஓட்டுநர் பட்டங்களும் இருந்தன. கறையும் இருந்தது. டிலோரியன் காரை உருவாக்கும் பணிக்கென வந்த பெருந்தொகை காணாமல் போன விவகாரத்தில், லோட்டஸின் நிதிப் பொறுப்பாளர் பின்னர் சிறை சென்றார். உயிரோடு இருந்திருந்தால் சாப்மனும் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

கணினி சஸ்பென்ஷன் வீண்போகவில்லை. 1987இல் மொனாக்கோ பந்தயத்தை அயர்டன் சென்னா அத்தகைய லோட்டஸ் காரில் வென்றார். இன்று விலையுயர்ந்த பல கார்களில், சாலைக்கு ஏற்ப நொடிக்கு நொடி தம்மை மாற்றிக்கொள்ளும் தணிப்பான்கள் இருக்கின்றன.

நமக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1996இல் மலேசியாவின் புரோட்டோன், லோட்டஸ் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. 2017இல் அது கைமாறும் வரை, ஹெத்தல் பொறியாளர்களின் கைப்பக்குவம் நம் நாட்டுக் கார்களுக்குக் கிடைத்தது. சத்ரியா ஜிடிஐ, ஜென்-2 போன்ற கார்களின் சஸ்பென்ஷனில் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு முன்னாலோ அண்டை வீட்டிலோ அப்படி ஒரு பழைய புரோட்டோன் இன்னும் நிற்கக்கூடும்.

அடுத்த முறை மலைச்சாலையில் போகும்போது, கார் எவ்வளவு சாய்கிறது, குழியில் எவ்வளவு குலுங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் மற்றது கிடைக்கும் என்று சொல்லப்படும் இடங்களில், உண்மையான தடை வேறெங்கோ இருக்கக்கூடும். சாப்மன் அதை எடையிலும் உறுதியற்ற சட்டத்திலும் கண்டுபிடித்தார். எதுவரை குறைக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற கேள்வியை மட்டும் அடுத்த தலைமுறைக்கு விட்டுச் சென்றார்.