தலைமை ஓர் அமானிதம்: கண்ணியமிகு காயிதே மில்லத் வாழ்வு



1991-ல் பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து நாகப்பட்டினம் தனியாகப் பிரிந்தபோது அதற்கு வைக்கப்பட்ட பெயர் உங்களில் நாற்பதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். நாகை காயிதே மில்லத் மாவட்டம். 1997-ல் மாவட்டங்களுக்குச் சூட்டியிருந்த தலைவர்களின் பெயர்களையெல்லாம் அரசு நீக்கியது. இந்தப் பெயரும் பலகைகளிலிருந்து போனது. அது பெரிய நஷ்டமில்லை. அந்தப் பெயருக்குரியவர் எப்படி வாழ்ந்தார் என்பதும் நம் பிள்ளைகளின் நினைவிலிருந்து போய்விட்டால், அதுதான் நஷ்டம்.

ஏன் சொல்கிறேன் என்றால், இன்று நம் ஊர்களில் பொறுப்பு என்று வரும்போது இரண்டு வகையான ஆட்களைப் பார்க்கிறோம். ஒருவர் பதவிக்காகச் சண்டை போடுகிறார். இன்னொருவர் படித்தவர், நல்லவர், ஆனால் நமக்கேன் வம்பு என்று ஜும்ஆ முடிந்ததும் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விடுகிறார். இந்த இருவருக்குமே காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (ரஹ்) அவர்களின் வாழ்வில் பாடம் இருக்கிறது.

அவர்கள் 1896 ஜூன் 5-ல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார்கள். மார்க்கத்தையும் ஒழுக்கத்தையும் ஊட்டி வளர்த்தவர் தாயார்தான். தந்தையில்லாத பிள்ளை உருப்படுமா என்று பேசுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். நம் நபி (ஸல்) அவர்களும் யதீமாக வளர்ந்தவர்கள்தாம்.

1920-ல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது பட்டப்படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்தார்கள். தேர்வு எழுதியிருந்தால் அந்தக் காலத்தில் அரசு உத்தியோகம் வீடு தேடி வந்திருக்கும். படிப்பை விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். பிறகு சென்னையில் தோல் வியாபாரத்தில் ஈடுபட்டார்கள். சொந்த உழைப்பில் சாப்பிடுகிறவர் யாருக்கும் அஞ்சவேண்டியதில்லை. அரசியலில் அவர்கள் கடைசிவரை நிமிர்ந்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

சகோதரர்களே! தைரியம் என்றால் என்ன? மேடையில் குரலை உயர்த்துவதா? அவர்கள் அமைதியாகப் பேசக்கூடியவர்கள். 1946-லிருந்து 1952 வரை சென்னை சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார்கள். அந்தக் காலத்தின் நடுவில்தான் நாடு பிரிந்தது. வடக்கே ரத்தம் ஓடியது. பெரிய தலைவர்கள் பலர் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். இங்கே தங்கியவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். இனி முஸ்லிம்களுக்கென்று ஓர் அமைப்பே வேண்டாம், கலைத்துவிடுங்கள் என்று வெளியிலிருந்தும் குரல் வந்தது, உள்ளேயிருந்தும் வந்தது. அந்த நேரத்தில், 1948 மார்ச் 10 அன்று, இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் சென்னைக் கட்டடத்தில் கூட்டம் கூட்டி, இந்திய யூனியன் முஸ்லிம் லீக் தொடர்ந்து இயங்கும் என்று முடிவெடுக்க வைத்தார்கள். இந்த நாட்டின் குடிமக்களாக, இந்தச் சட்டத்துக்குள் நின்று, நம் கோரிக்கைகளை நாமே எடுத்துச் சொல்வோம் என்பதுதான் அதன் பொருள். அந்தக் கட்சியோடு உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம். எல்லோரும் ஒதுங்குகிற நேரத்தில் பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொண்டாரே, அந்தத் துணிவைப் பாருங்கள்.

அரசியல் நிர்ணய சபையிலும் இருந்தார்கள். 1948 நவம்பர் 23 அன்று, எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தை விட்டுவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். ஏற்கப்படவில்லை. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் வந்தபோது, பழமைதான் அளவுகோல் என்றால் தமிழுக்கே அந்தத் தகுதி உண்டு என்று வாதிட்டார்கள். அதுவும் ஏற்கப்படவில்லை.

இங்கேதான் குணம் தெரிகிறது. நம்மில் ஒருவரின் யோசனையை ஜமாஅத் கூட்டத்தில் ஏற்காவிட்டால் என்ன செய்கிறோம்? அடுத்த வாரமே வேறு பள்ளிக்குத் தொழப் போகிறோம். அவர்கள் தோற்றபிறகும் அந்தச் சட்டத்தை மதித்தார்கள். அதன் கீழேயே 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் பணியாற்றினார்கள். 1962, 1967, 1971 மூன்று தேர்தல்களில் கேரளத்தின் மஞ்சேரியிலிருந்து மக்களவைக்குப் போனார்கள். மலையாளம் பேசும் மக்கள் ஒரு தமிழரை மூன்று முறை தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அது பேச்சுக்குக் கிடைத்த வெற்றியா? நம்பிக்கைக்குக் கிடைத்தது.

1962-ல் சீனாவோடு போர் மூண்டபோது, தம் ஒரே மகனை ராணுவத்துக்குத் தர முன்வந்து பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுதினார்கள். ஊரார் பிள்ளைகளைத் தியாகத்துக்கு அழைக்கும் தலைவர்கள் நிறைய உண்டு. தம் வீட்டிலிருந்து தொடங்குகிறவர் எத்தனை பேர்?

சமுதாயம் கல்விக்குச் செலவு செய்ய வேண்டும் என்பதை அவர்கள் விடாமல் வலியுறுத்தினார்கள். அந்த ஆண்டுகளில்தான் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951-ல் எழுந்தன. 1955-ல் நம் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி வந்தது. கட்டியவர்கள் வெவ்வேறு பெரியவர்கள். ஆனால் அந்தத் தலைமுறையின் சிந்தனையை அந்தப் பக்கம் திருப்பியவர்களில் காயிதே மில்லத்தும் ஒருவர்.

1972 ஏப்ரல் 5-ல் வஃபாத்தானார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம். மதம், கட்சி பார்க்காமல் மக்கள் வந்து நின்றார்கள்.

நாம் காவிரித் தண்ணீரில் விவசாயம் செய்கிற மக்கள். மேட்டூர் திறந்து கல்லணை தாண்டி வருகிற தண்ணீர் கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்று காத்திருந்தவர்களுக்குத் தெரியும். தலைமடைக்காரர் தன் வயல் நனைந்ததும் மடையை அடைத்து, தண்ணீரைக் கீழே விட்டால்தான் கடைமடை பிழைக்கும். தலைமையும் அப்படித்தான். தன் பங்கு முடிந்ததும் மடையை அடைக்கத் தெரிந்தவரே தலைவர். அவர் பெயரைத் தாங்கியிருந்த நாகையும் கடைமடைப் பூமிதான்.

ஆகவே நீங்கள் பொறுப்பில் இருந்தால், கணக்கை யாரும் கேட்கும் முன்பே பள்ளியின் பலகையில் ஒட்டுங்கள். மஷூராவில் வயதில் சின்னவனையும் பேச விடுங்கள். நிலமில்லாதவரின் சொல்லுக்கும் நிலக்காரரின் சொல்லுக்கும் ஒரே காது கொடுங்கள். நீங்கள் ஒதுங்கி நிற்பவராக இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு வந்து உட்காருங்கள். உங்கள் யோசனை தோற்றாலும் அதற்கடுத்த கூட்டத்துக்கும் வாருங்கள். குடும்பத் தலைவராக இருந்தாலும் ஜமாஅத் தலைவராக இருந்தாலும், தன் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி மறுமையில் கேட்கப்படாமல் நம்மில் யாரும் போகப்போவதில்லை.

அல்லாஹ் அந்த மனிதரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! பொறுப்பை அமானிதமாகச் சுமக்கும் மனவலிமையை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.