ஹைரம் லெனார்ட்

ஹைரம் லூயிஸ் லெனார்ட் (ஜனவரி 23, 1831 - ஜனவரி 30, 1907) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தூண்டிற்கோல் வினைஞரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். ஆறு மூங்கிற் பட்டைகளை ஒட்டிச் செய்யப்படும் அறுகோணத் தூண்டிற்கோலைச் செம்மைப்படுத்தி, அதனை ஒரே தரத்தில் பல எண்ணிக்கையில் செய்யும் முறையை உருவாக்கியவர் என்ற வகையில் இவர் அறியப்படுகிறார். கோலின் துண்டுகளை இணைக்கும் பூண்களில் இவர் செய்த இரண்டு மேம்பாடுகளுக்குக் காப்புரிமம் பெற்றார். இவரது பட்டறையில் தொழில் கற்றவர்கள் பின்னர் அமெரிக்காவின் புகழ்பெற்ற தூண்டிற்கோல் நிறுவனங்கள் பலவற்றைத் தோற்றுவித்தனர்.

இளமைக்காலம்

லெனார்ட் மேய்ன் மாநிலத்தில் உள்ள செபெக் என்னும் ஊரில் பிறந்தார். மேய்ன், ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், காடுகளும் ஏரிகளும் நிறைந்த பகுதியாகும். தூண்டிற்கோல் தொழிலுக்கு வருவதற்கு முன் இவர் பல தொழில்களைச் செய்துள்ளார். துப்பாக்கிகளைச் செய்யவும் பழுதுபார்க்கவும் அறிந்திருந்தார். விலங்குகளின் தோலைப் பாடம் செய்வதிலும் தேர்ச்சி பெற்றிருந்தார். காடுகளில் நீண்டகாலம் தங்கி வேட்டையாடியும் வாழ்ந்தார். உலோகம், மரம், கூர்மையான கருவிகள் ஆகிய மூன்றையும் நுட்பமாகக் கையாளும் பழக்கம் இத்தொழில்களால் இவருக்குக் கிடைத்தது எனலாம்.

எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1857 ஆம் ஆண்டில் மேய்ன் காடுகளுக்குப் பயணம் செய்தபோது, மூஸ்ஹெட் ஏரிக்குச் செல்லும் குதிரை வண்டியில் ஒரு வேட்டைக்காரரைச் சந்தித்தார். நன்றாக உடுத்திய, பண்பான அம்மனிதர் காட்டு வாழ்க்கையில் தேர்ந்தவராக இருந்தது தோரோவுக்கு வியப்பளித்தது. தோரோவின் மேய்ன் பயண நூலில் இடம்பெறும் அவ்வேட்டைக்காரர் லெனார்ட் தான் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

லெனார்ட் இசையிலும் ஈடுபாடு உடையவர், புல்லாங்குழல் வாசிப்பார். இசையறிவு உள்ளவரே நல்ல தூண்டிற்கோல் செய்ய முடியும் என்று இவர் நம்பியதாகக் கூறப்படுகிறது.

முதல் கோல்

1871 ஆம் ஆண்டளவில், மேய்னின் பாங்கோர் நகரில் வாழ்ந்தபோது, லெனார்ட் தன் சொந்தப் பயன்பாட்டிற்காக ஒரு தூண்டிற்கோலைச் செய்தார். இக்கோல் மூங்கிலால் ஆனதன்று. அக்கால வழக்கப்படி ஆஷ், லேன்ஸ்வுட் ஆகிய மரங்களால் ஆனது. அதன் வேலைப்பாட்டைக் கண்டவர்களின் தூண்டுதலால், பாஸ்டன் நகரில் விளையாட்டுப் பொருட்களை விற்று வந்த பிராட்போர்ட் அண்ட் அந்தோணி நிறுவனத்தின் பார்வைக்கு அது சென்றது. அந்நிறுவனத்தார் பட்டை மூங்கிலால் ஆன ஒரு கோலை லெனார்டுக்குக் காட்டி, அதுபோல் செய்ய இயலுமா என்று வினவினர். லெனார்ட் ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 40. அதன் பின்னர் இறக்கும் வரை இதுவே அவரது தொழிலாயிற்று.

அறுபட்டைக் கோல்

செயற்கை ஈயைக் கொண்டு மீன்பிடிக்கும் முறையில் தூண்டிற்கோலின் பங்கு பெரியது. மற்ற தூண்டில்களில் ஈயக் குண்டு போன்ற பளு, கயிற்றைத் தொலைவுக்கு இழுத்துச் செல்கிறது. ஈத்தூண்டிலிலோ இறகாலும் நூலாலும் கட்டிய ஈக்கு எடை இல்லை. எனவே கயிற்றின் எடையையே வீச வேண்டும். கோல் பின்னோக்கி வளைந்து, மீண்டும் நிமிரும் விசையே கயிற்றை முன்னே செலுத்துகிறது. கோல் எங்கு, எவ்வளவு வளைய வேண்டும் என்பதை, அடியிலிருந்து நுனி நோக்கி அதன் தடிமன் குறைந்துகொண்டே செல்லும் அளவு தீர்மானிக்கிறது.

மூங்கிலின் வலிமை, அதன் வெளித்தோலை ஒட்டி நெருக்கமாக அமைந்த நார்களில் உள்ளது. உட்புறம் செல்லச் செல்ல நார்கள் குறைந்து, மென்மையான சோறு மிகுகிறது. ஆகவே மூங்கிலைப் பிளந்து, உட்பகுதியை நீக்கி, வெளிநார்களை மட்டும் கொண்ட பட்டைகளை ஒன்றாக ஒட்டினால், மெல்லியதும் வலியதுமான கோல் கிடைக்கும். ஒவ்வொரு பட்டையின் குறுக்குவெட்டும் 60 பாகைக் கோணங்கள் கொண்ட முக்கோணமாக இருந்தால், ஆறு பட்டைகள் சேர்ந்து 360 பாகை நிறைவுற்று இடைவெளியற்ற அறுகோணமாக அமையும்.

இம்முறையைக் கண்டுபிடித்தவர் லெனார்ட் அல்லர். பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் வாழ்ந்த துப்பாக்கிக் கொல்லரும் வயலின் செய்பவருமான சாமுவேல் பிலிப் (1801 - 1877), அவருக்கு முன்பே பட்டை மூங்கில் கோல்களைச் செய்தார். நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரைச் சேர்ந்த சார்லஸ் மர்பி 1860களில் அவற்றை விற்பனைக்குச் செய்தார். எனினும் அவை ஒரு கைவினைஞர் ஒவ்வொன்றாகச் செய்த அரிய பொருட்களாகவே இருந்தன. அறுகோணத்தின் முனைகளைச் சீவி உருட்டையாக்கும் வழக்கமும் இருந்தது. இதனால் வலிமை மிக்க வெளிநார்கள் வீணாயின. ஆறு பக்கங்களையும் தட்டையாகவே விட்டு, வெளிநார்களைக் காக்கும் வடிவம் லெனார்டின் கோல்கள் மூலமே பரவலாயிற்று.

பொருட்களின் தேர்வு

லெனார்ட் தொழில் தொடங்கிய காலத்தில் கல்கத்தாத் துறைமுகம் வழியாக ஏற்றுமதியான இந்திய மூங்கிலே பயன்பட்டது. இது கல்கத்தா மூங்கில் என்றே வழங்கப்பட்டது. இதன் மேல் தீயில் வாட்டிய கருந்தழும்புகள் காணப்படும். தழும்பு ஆழமாக உள்ள இடங்களில் நார்கள் வலிவிழந்திருக்கும் என்பதால், அவற்றைத் தவிர்த்துப் பட்டை எடுக்க வேண்டியிருந்தது. நல்ல கோல் ஒன்றிற்குக் கழிவு மிகுதி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனிடத்தைச் சீனாவின் குவாங்டாங் மாகாணத்து மூங்கில் பிடித்தது. வியட்நாமின் டோன்கின் பகுதியோடு தொடர்பில்லாவிடினும் வணிகர்கள் இதனை டோன்கின் மூங்கில் என்றழைத்தனர். தாவரவியலாளர் பிளாய்ட் மெக்ளூர் 1931 ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற்பெயர் இட்டார். நேரான கழிகள், நீண்ட கணுவிடைகள், அடர்ந்த வெளிநார்கள் ஆகியவை இதன் சிறப்புகள்.

மூங்கிலின் கணுவே கோலின் வலுக்குறைந்த இடம். கணுக்கள் ஒரே மட்டத்தில் அமைந்தால் கோல் அங்கு ஒடியும். ஆகவே ஆறு பட்டைகளும் சற்று முன்பின்னாக வைக்கப்பட்டு, கணுக்கள் பரவி அமையுமாறு ஒட்டப்படுகின்றன. அக்காலத்தில் ஒட்டுவதற்கு விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரம் பயன்பட்டது. வச்சிரம் ஈரத்தில் இளகும் தன்மையுடையது. எனவே கோல் நெடுகிலும் சிறு இடைவெளிகளில் பட்டு நூல் சுற்றி, அதன்மேல் வார்னிஷ் பூசிப் பாதுகாத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோல்களில் நெருக்கமாகக் காணப்படும் நூற்சுற்றுகள் அழகிற்காக மட்டும் அமைந்தவை அல்ல.

பூண்கள்

நீண்ட கோலை எடுத்துச் செல்ல வசதியாக அதனை இரண்டு அல்லது மூன்று துண்டுகளாகச் செய்து, உலோகப் பூண்களால் இணைப்பது வழக்கம். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த ஜெர்மன் வெள்ளி என்னும் உலோகம் இதற்கு ஏற்றது. இது துருப்பிடிக்காது, நுட்பமாகக் கடைந்து பொருத்தவும் இயலும்.

பழைய பூண்களில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, பூணின் உள்ளே நீர் புகுந்து மூங்கிலின் வெட்டுமுனையை அடைந்து அதனை அழுகச் செய்தது. லெனார்ட் பூணின் உட்புறம் உலோகத் தடுப்பை அமைத்து நீர் புகும் வழியை அடைத்தார். இந்த நீர்புகாப் பூணுக்கு 1875 ஆம் ஆண்டில் காப்புரிமம் பெற்றார்.

இரண்டாவது குறை, பூணின் விளிம்பில் கோல் ஒடிவது. வளையாத உலோகம் முடிந்து, வளையும் மூங்கில் தொடங்கும் இடத்தில் தகைவு முழுவதும் குவிகிறது. லெனார்ட் பூணின் அந்த விளிம்பில் நெடுக்காகச் சிறு பிளவுகளை இட்டார். பிளவுபட்ட உலோக நாக்குகள் மூங்கிலோடு சேர்ந்து சிறிது வளைந்து கொடுப்பதால், விறைப்பு படிப்படியாகக் குறைகிறது. இதற்கு 1878 ஆம் ஆண்டில் காப்புரிமம் கிடைத்தது. பூண் விளிம்பைப் பிளவுபடுத்தும் இம்முறை மூங்கில் கோல் செய்பவர்களால் இன்றும் பின்பற்றப்படுகிறது.

பட்டை சீவும் எந்திரம்

லெனார்டின் மிகப் பெரிய சாதனை, 1870களின் நடுப்பகுதியில் அவர் உருவாக்கிய பட்டை சீவும் எந்திரம் ஆகும். அதற்கு முன் ஒவ்வொரு பட்டையும் இழைப்புளி, அரம் ஆகியவற்றால் கையால் சீவப்பட்டது. இதன் கடினத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். அறுகோணக் கோலின் தடிமன், ஒரு பட்டையின் உயரத்தைப் போல் இரு மடங்கு. பட்டைகளில் நேரும் சிறு பிழை கோலில் இரட்டிக்கிறது. மேலும் கோலின் விறைப்பு, தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. தடிமன் 5 விழுக்காடு கூடினால் விறைப்பு ஏறத்தாழ 22 விழுக்காடு கூடும். கோலின் நுனியோ இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ளது. இந்நிலையில் கையால் ஒரே மாதிரியான இரண்டு கோல்களைச் செய்வது அரிது.

எந்திரம் வந்தபின், வேண்டிய சிறுத்தலை அச்சில் அமைத்துவிட்டால், ஒரே அளவுள்ள பட்டைகளை எத்தனை வேண்டுமானாலும் வெட்ட முடிந்தது. நன்றாக அமைந்த ஒரு கோலின் அளவுகளை மீண்டும் மீண்டும் படியெடுப்பதும், சிறு மாற்றம் செய்து சோதிப்பதும் இயன்றது. எந்திரத்தின் அமைப்பைப் பிறர் அறியாதிருக்க, லெனார்ட் அதனைப் பூட்டிய அறையில் வைத்திருந்ததாகவும், நம்பிக்கைக்குரிய மிகச் சிலரையே உள்ளே அனுமதித்ததாகவும் கூறப்படுகிறது.

சென்ட்ரல் வேலியில்

தொழில் வளர முதலீடு தேவைப்பட்டது. 1870களின் இறுதியில் நியூயார்க் நகரின் வில்லியம் மில்ஸ் அண்ட் சன் நிறுவனம் லெனார்டின் தொழிலில் பங்கு பெற்று, விற்பனையை ஏற்றது. 1881 ஆம் ஆண்டில் பட்டறை பாங்கோரிலிருந்து நியூயார்க் மாநிலத்தின் சென்ட்ரல் வேலி என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. இது நியூயார்க் நகருக்கும் கேட்ஸ்கில் மலையின் டிரவுட் மீன் ஆறுகளுக்கும் இடையே அமைந்திருந்தது. கேட்ஸ்கில் பெயர் தாங்கிய எடை குறைந்த கோல்கள் இங்கு உருவாயின. இக்காலத்தில் நடைபெற்ற தூண்டில் வீச்சுப் போட்டிகளில், லெனார்டின் உறவினர்களான ரூபன் லெனார்டும் ஹைரம் ஹாவெஸும் லெனார்ட் கோல்களைக் கொண்டு வெற்றிகள் பெற்றனர்.

பிரிந்து சென்றோர்

லெனார்டுடன் பாங்கோரிலிருந்து வந்த தொழிலாளர்களுள் பிரெட் தாமஸ், யூஸ்டிஸ் எட்வர்ட்ஸ், எட்வர்ட் பெய்ன் ஆகியோரும், லெனார்டின் மருமகன் முறையினரான லோமன் ஹாவெஸும் குறிப்பிடத்தக்கவர்கள். 1890 ஆம் ஆண்டளவில் தாமஸ், எட்வர்ட்ஸ், ஹாவெஸ் மூவரும் விலகித் தனித் தொழில் தொடங்கினர். லெனார்டின் எந்திரத்தை நன்கறிந்திருந்த ஹாவெஸின் அறிவால், அவர்களும் ஒரு பட்டை சீவும் எந்திரத்தை அமைத்தனர். பின்னர் ஹாவெஸின் இடத்திற்குப் பெய்ன் வந்தார். இவர்கள் செய்த கோல்கள் காஸ்மிக் என்ற பெயரில் விற்பனையாயின.

அக்கூட்டும் நிலைக்கவில்லை. தாமஸும் எட்வர்ட்ஸும் மேய்னுக்குத் திரும்பினர். பின்னர் தனித்தனியே தொழில் நடத்தினர். பெய்ன் நியூயார்க் மாநிலத்திலேயே தங்கிவிட்டார். அவரது மகன் ஜிம் பெய்ன், இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த தூண்டிற்கோல் வினைஞர்களுள் ஒருவராகப் போற்றப்பட்டார். பூட்டிய அறை எந்திரத்தை மறைக்க உதவியதேயன்றி, அங்கு பயின்ற கைகளைத் தடுக்க உதவவில்லை. லெனார்டுக்கு இது இழப்பு. எனினும் அவரது முறை அவருடன் மறையாமல் நிலைபெற்றதற்கு இதுவே காரணமாயிற்று.

மறைவும் அதன் பின்னரும்

லெனார்ட் 1907 ஜனவரி 30 அன்று, தம் 76 ஆம் வயதில் சென்ட்ரல் வேலியில் காலமானார். நிறுவனம் அவரது பெயரிலேயே தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடியிழைக் கோல்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. 1950 ஆம் ஆண்டில் சீனப் பொருட்களுக்கு ஐக்கிய அமெரிக்கா விதித்த தடையால் டோன்கின் மூங்கில் வரவும் நின்றது. மூங்கில் கோல் நிறுவனங்கள் பல மூடப்பட்டன. லெனார்ட் தொழிற்சாலை 1964 ஆம் ஆண்டில் தீக்கிரையானது. நிறுவனம் மீண்டும் இயங்கினாலும் 1984 ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

தாமாகவே தூண்டிற்கோல் கட்டுவோர் பெருகியதற்கு மற்றொருவரும் காரணமாவார். எவரெட் காரிசன் (1893 - 1975) என்னும் பொறியாளர், கோலின் ஒவ்வொரு புள்ளியிலும் ஏற்படும் தகைவைக் கணக்கிட்டுத் தடிமனை வகுத்தார். எந்திரத்திற்குப் பதிலாக, இடைவெளியைத் திருகாணிகளால் மாற்றக்கூடிய எஃகு அச்சில் பட்டையை வைத்து இழைப்புளியால் சீவினார். அவரது முறை 1977 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. லெனார்ட் பூட்டி வைத்த துல்லியம், இழைப்புளியும் எஃகு அச்சும் வைத்திருக்கும் எவருக்கும் எட்டுவதாயிற்று. பழைய லெனார்ட் கோல்களை நுண்ணளவியால் அளந்து பெற்ற தடிமன் அட்டவணைகளைக் கொண்டு இன்றும் புதிய கோல்கள் செய்யப்படுகின்றன.