நிசிங்கா அரசி

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லுவாண்டா துறைமுகம் போர்த்துக்கீசியர் வசம் இருந்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மக்கள் அங்கிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் பலர் பிரேசில் நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்குள்ள கரும்புத் தோட்டங்களில் உழைத்து மடிந்தனர். இந்த வணிகத்தால் பெரிதும் சீரழிந்த நாடு, லுவாண்டாவை அடுத்திருந்த நிடோங்கோ. இன்று அது அங்கோலாவின் ஒரு பகுதி. அதன் அரச குடும்பத்தில் 1583ஆம் ஆண்டளவில் பிறந்தவர் நிசிங்கா.

1622இல் அரசராக இருந்த அவருடைய சகோதரர், சமாதானம் பேச அவரை லுவாண்டாவுக்கு அனுப்பினார். ஆளுநரின் மண்டபத்தில் ஆளுநருக்கு மட்டுமே நாற்காலி இருந்தது. நிசிங்காவுக்குத் தரையில் விரிப்பு விரிக்கப்பட்டிருந்தது. அவர் தரையில் அமரவில்லை. தம் பணிப்பெண் ஒருத்தியை மண்டியிடச் செய்து, அவள் முதுகின்மேல் அமர்ந்து, ஆளுநருக்குச் சமமாகப் பேசினார். நிசிங்காவைப் பற்றிப் பலரும் அறிந்த நிகழ்ச்சி இதுதான். ஆனால், அந்தப் பணிப்பெண்ணைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

1624இல் சகோதரர் இறந்ததும் நிசிங்கா ஆட்சிக்கு வந்தார். போர்த்துக்கீசியரிடமிருந்து தப்பிய அடிமைகள் அவரைத் தேடி ஓடி வரலாயினர். போர்ப் பயிற்சி பெற்ற அடிமை வீரர்களும் அவர்களுள் இருந்தனர். ஒருவர் தப்பினால் போர்த்துக்கீசியருக்கு ஓர் ஆள் குறையும். நிசிங்காவின் படையில் ஓர் ஆள் கூடும். ஓடி வந்தவர்களைத் திருப்பி அனுப்புமாறு ஆளுநர் வற்புறுத்தினார். நிசிங்கா சாக்குப்போக்குச் சொல்லிக் காலம் கடத்தினார். 1626இல் போர் மூண்டது.

போர்த்துக்கீசியர் வேறொருவரை அரசராக்கினர். குவான்சா ஆற்றுத் தீவுகளில் ஒதுங்கிய நிசிங்காவின் படையைப் பெரியம்மை நோயும் வாட்டியது. அவர் அங்கிருந்து தப்பி, இம்பங்காலா என்னும் போர்க்குழுவினருடன் சேர்ந்து, 1631ஆம் ஆண்டளவில் மத்தம்பா நாட்டைக் கைப்பற்றினார். தப்பி வந்த அடிமைகளுக்கு அந்நாடு புகலிடமாயிற்று.

1641இல் டச்சுக்காரர்கள் லுவாண்டாவைப் பிடித்தனர். போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவை அவர்கள் கைப்பற்றியதும் அதே ஆண்டில்தான். நிசிங்கா அவர்களுடன் கூட்டுச் சேர்ந்து போரிட்டார். ஆனால், 1648இல் பிரேசிலிலிருந்து வந்த கப்பற்படை லுவாண்டாவை மீட்டது. டச்சுக்காரர்கள் வெளியேறினர். அறுபது வயதைக் கடந்துவிட்ட நிசிங்கா உள்நாட்டிலிருந்து போரைத் தொடர்ந்தார்.

அவரை அடிமை முறையையே எதிர்த்தவர் என்று சொல்லிவிட முடியாது. தம்மை நாடி வந்தவர்களுக்கு அடைக்கலம் தந்த அவரே, போரில் பிடிபட்ட கைதிகளை அடிமைகளாக விற்றார். ஆயுதங்களுக்கும் கூட்டாளிகளுக்கும் அக்காலத்தில் அடிமைகளே விலையாக இருந்தனர். அவருடைய தங்கை கம்பு 1646 முதல் போர்த்துக்கீசியரிடம் சிறைப்பட்டிருந்தார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. தங்கையை மீட்க நிசிங்கா ஒப்புக்கொண்ட விலை 130 அடிமைகள். அவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியா.

1663 டிசம்பர் 17ஆம் நாள் நிசிங்கா இறந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ எண்பது. மத்தம்பா அதுவரை போர்த்துக்கீசியர் கைக்குப் போகவில்லை. அவருக்குப் பின் அரியணை ஏறியவர் தங்கை கம்பு.