ஃபுல் டேங்க் அடிச்சா ரேஸ்ல ஜெயிக்க முடியுமா? - ஜே.ஆர்.டி. டாடா போட்ட பெட்ரோல் கணக்கு!

செம்பாக்கத்துல இருந்து தாம்பரம் போற வழியில, பங்க்ல பைக்கை நிறுத்தி ஃபுல் டேங்க் போடச் சொல்றீங்க. 12 லிட்டர்னு வெச்சுக்குவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் முக்கால் கிலோ. ஆக, உங்க வண்டி மேல இப்போ 9 கிலோ ஏறி உட்கார்ந்திருக்கு. ஆபீஸ் போக அது ஒரு விஷயமே இல்லை. ஆனா, டிராக் ரேஸ்ல நிக்கிறவருக்கு அந்த 9 கிலோதான் எதிரி!

நம்ம ஊர்ல இருங்காட்டுக்கோட்டையில நடக்குதே, அந்த டிராக் ரேஸ்தான். வளைவு கிடையாது, நேர்கோட்டுல சில நூறு மீட்டர், அவ்வளவுதான். ஒரு ஓட்டத்துக்கு பைக் குடிக்கிற பெட்ரோல் ஒரு டம்ளர்கூட வராது. அதனால தேவைக்கு மேல டேங்க்ல இருக்கிறதெல்லாம் வெறும் சுமை.

அமெரிக்காவின் 'டாப் ஃப்யூயல்' கார்கள் கதை வேற. நைட்ரோமீத்தேன் குடிக்கிற ராட்சசன்கள் அவை. 305 மீட்டரை நாலு விநாடிக்குள்ள கடக்கும். டயரைச் சூடாக்குறது, வரிசையில நிக்கிறது எல்லாம் சேர்த்தா ஒரு ஓட்டத்துக்கு 50 லிட்டருக்கும் மேல காலி. தகுதிச்சுற்று, நாக்-அவுட்னு ஒரு வார இறுதியில எட்டு ஓட்டம் ஓடினா, 400 லிட்டருக்கு மேல வேணும். ஆனா, அத்தனையையும் காருக்குள்ள ஊத்த மாட்டாங்க. காருக்குள்ள ஒரு ஓட்டத்துக்கு வேண்டியது மட்டும். மீதி, பேரல்ல வெளியே காத்திருக்கும்.

வண்டியில குறைவா, வழியில நிறைவா. இந்தக் கணக்கை 90 வருஷத்துக்கு முன்னாடியே வானத்துல போட்டுப் பார்த்த ஒருத்தர் இருக்கார். உங்க மொட்டைமாடிக்கு மேல மீனம்பாக்கம் நோக்கி இறங்குதே விமானம், அதுக்கும் அவருக்கும் நேரடிச் சொந்தம் உண்டு. அவர்தான் ஜே.ஆர்.டி. டாடா!

புகாட்டி ஓட்டிய பையன்

1904 ஜூலை 29, பாரிஸ்ல பிறந்தார் ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா. அப்பா பார்சி, அம்மா பிரெஞ்சுக்காரர். பிரான்ஸின் ஹார்ட்லோ கடற்கரையில குடும்பத்துக்கு ஒரு வீடு. பக்கத்துலயே ஆங்கிலக் கால்வாயை முதன்முதலா விமானத்துல தாண்டிய லூயி பிளேரியோவின் குடும்ப வீடு. அப்புறம் சின்னப் பையனுக்கு விமானப் பித்து பிடிக்காம என்ன செய்யும்? 15 வயசுல முதல்முறையா விமானத்துல ஏறினார். அன்னைக்கே முடிவு பண்ணிட்டார், ஒருநாள் நானும் ஓட்டணும்னு.

கேம்பிரிட்ஜ்ல படிக்க ஆசை. அப்பா இந்தியாவுக்குக் கூப்பிட்டுட்டார். 1925-ல சம்பளமே இல்லாத பயிற்சியாளரா டாடா நிறுவனத்துல சேர்ந்தார். அடுத்த வருஷமே அப்பா காலமாகிட்டார். 22 வயசுல குடும்பப் பொறுப்பு தலையில விழுந்தது.

ஆனாலும் வேகம் விடலை. பம்பாய்ல ஒரு புகாட்டி வெச்சிருந்தார். அதை அதிவேகமா ஓட்டின வழக்குல மாட்டி, ஜாக் விகாஜிங்கிற வக்கீலைத் தேடிப் போனார். அங்கதான் வக்கீலின் அண்ணன் மகளோ தம்பி மகளோ, அந்த வீட்டுப் பெண் தெல்மாவைப் பார்த்தார். 1930-ல கல்யாணம்! ஈ.சி.ஆர்-ல ராத்திரி ரேஸ் விட்டு போலீஸ்ல மாட்டுற எல்லாருக்கும் இப்படி நடக்காது பாஸ், அதை நம்பி வண்டியை முறுக்காதீங்க.

அவரோட வேகத்துக்குச் சரியான இடம் ரோடு இல்லை, வானம். பம்பாய்ல ஃபிளையிங் கிளப் தொடங்கினதும் ஓடிப்போய்ச் சேர்ந்தார். 1929 பிப்ரவரி 10-ல பைலட் லைசென்ஸ் கைக்கு வந்தது. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் லைசென்ஸ். அதுல இருந்த எண்: 1.

எகிப்துல ஒரு ஸ்பார்க் பிளக்

அந்தச் சமயத்துல ஆகா கான் ஒரு போட்டி அறிவிச்சார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியா விமானம் ஓட்டிக் கடக்கிற முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு. எந்தப் பக்கத்துல இருந்தும் கிளம்பலாம்.

1930 மே மாசம் கராச்சியில இருந்து ஜிப்ஸி மாத் விமானத்துல கிளம்பினார் ஜே.ஆர்.டி. எதிர்த் திசையில, இங்கிலாந்துல இருந்து வந்துட்டிருந்தார் ஆஸ்பி இன்ஜினீயர். வயசு 17. (இன்ஜினீயர்ங்கிறது அவரோட குடும்பப் பேர்!)

எகிப்தின் அபூகிர் தளத்துல இறங்கினப்போ, அங்கே ஆஸ்பி நிக்கிறதைப் பார்த்தார் ஜே.ஆர்.டி. விசாரிச்சா, ஸ்பார்க் பிளக் பிரச்னை. மாற்று பிளக் இல்லாம நகர முடியலை. ஜே.ஆர்.டி.கிட்ட ஸ்பேர் இருந்தது.

இப்போ நீங்க யோசிச்சுப் பாருங்க. எதிராளி நடுவழியில நிக்கிறார். நீங்க பேசாம கிளம்பிட்டா, பரிசு கிட்டத்தட்ட உங்க கையில. உங்க பிளக் பாதி வழியில போயிட்டா உங்களுக்கும் ஸ்பேர் இல்லை. என்ன செய்வீங்க?

ஜே.ஆர்.டி. பிளக்கை எடுத்துக் கொடுத்துட்டார்.

ஆஸ்பி பறந்தார். சில மணி நேர வித்தியாசத்துல ஜே.ஆர்.டி.யை முந்தி, பரிசையும் வாங்கினார். (மூணாவது போட்டியாளர் மன்மோகன் சிங்குக்குக் காலக்கெடு தாண்டினதால பரிசு கிடைக்கலை.) அந்த ஆஸ்பிதான் 1960-ல இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதி ஆனார். ரேஸ்ல தோத்த ஜே.ஆர்.டி.க்கு அந்தத் தோல்வி பற்றி வருத்தமே இருந்ததில்லை.

மாட்டுவண்டியில வந்த பெட்ரோல்

லண்டன்ல இருந்து வர்ற விமானத் தபால் அப்போ கராச்சியோட நின்னுடும். அங்கிருந்து ரயில்தான். அதைப் பம்பாய் வழியா மெட்ராஸ் வரைக்கும் பறக்கவிட்டா என்னன்னு ஒரு திட்டத்தோட வந்தார், முன்னாள் பிரிட்டிஷ் விமானப்படை வீரர் நெவில் வின்சென்ட். டாடா குழுமம் தயங்கித்தான் 2 லட்சம் ரூபாய் போட்டது.

1932 அக்டோபர் 15. காலையில கராச்சியில இருந்து ஒரு புஸ் மாத் கிளம்புது. ஒற்றை இன்ஜின். ரேடியோ கிடையாது, வழிகாட்டும் கருவிகள் கிடையாது. மணிக்கு சுமார் 160 கி.மீ. வேகம். ஓட்டுறவர் ஜே.ஆர்.டி., கூட இருக்கிறது சுமார் 25 கிலோ தபால்.

இங்கேதான் பெட்ரோல் கணக்கு வருது. 25 கிலோங்கிறது ஏறக்குறைய 33 லிட்டர் பெட்ரோலோட எடை. கூடுதலா ஏத்துற ஒவ்வொரு லிட்டருக்கும் முக்கால் கிலோ கடிதத்தைக் கீழே விட்டுட்டுப் போகணும். கடிதம்தான் வருமானம், பெட்ரோல் வெறும் செலவு. அதனால எல்லாத்தையும் தூக்கிட்டுப் பறக்காம, போற வழியில நிரப்பிக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

அகமதாபாத்ல இறங்கினார். பர்மா ஷெல் கம்பெனியின் பெட்ரோல் கேன்கள் வந்து சேர்ந்தது எதுல தெரியுமா? மாட்டுவண்டியில! நாட்டிலேயே வேகமான தபாலுக்கு, நாட்டிலேயே மெதுவான வண்டி எரிபொருள் கொண்டுவந்து கொடுத்தது. நிரப்பிக்கிட்டு, மதியம் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார் ஜே.ஆர்.டி. அங்கிருந்து வின்சென்ட் பெல்லாரி வழியா மெட்ராஸ் வந்து சேர்த்தார்.

ரேஸ்காரரோட டீம் டிரக்கும் அந்த மாட்டுவண்டியும் ஒரே வேலையைத்தான் செய்யுது. ஜெயிக்கிறது ஓட்டுறவர் மட்டும் இல்லை, சரியான இடத்துல சரியான அளவு கேனோட காத்திருக்கிறவரும்தான். முதல் வருஷமே 60,000 ரூபாய் லாபம் பார்த்தது அந்தக் குட்டி நிறுவனம்.

78 வயசுல மறுபடியும்

34 வயசுல, 1938-ல டாடா சன்ஸ் தலைவர். 1946-ல அந்தத் தபால் கம்பெனி ஏர் இந்தியா ஆனது. 1953-ல அரசுடைமை. ஆனாலும் தலைவரா தொடர்ந்தார். 1978-ல மொரார்ஜி தேசாய் அரசு அவரைப் பதவியில இருந்து நீக்குச்சு. 46 வருஷமா வளர்த்தது கையைவிட்டுப் போச்சு.

வேற யாரா இருந்தாலும் வீட்டுல முடங்கியிருப்பாங்க. இவர், 1982 அக்டோபர் 15 அன்னைக்கு, 78 வயசுல, பழைய லெபர்ட் மாத் ஒண்ணை எடுத்துக்கிட்டு கராச்சியில இருந்து பம்பாய்க்கு அதே பாதையில மறுபடி பறந்தார்! 1992-ல பாரத ரத்னா. 1993 நவம்பர் 29, ஜெனீவாவில் காலமானார். ஏர் இந்தியா டாடா கைக்குத் திரும்பி வந்தது 2022 ஜனவரியில. அதைப் பார்க்க அவர் இல்லை.

அடுத்த தடவை லாங் ரைடு பிளான் பண்ணும்போது டேங்க்கை மட்டும் பார்க்காதீங்க. வழியில எங்கெங்க பங்க் இருக்குன்னு பாருங்க. ஒரு ஸ்பேர் பிளக்கும் எடுத்து வெச்சுக்கோங்க. உங்களுக்கு உதவலைன்னாலும், ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்துல வண்டியைத் தள்ளிட்டுப் போற யாருக்காவது உதவும்.