கரும்பு காத்த அறிஞர்

கரும்பினை இந்நாட்டிற்குக் கொணர்ந்தோர் அதியமானின் முன்னோர் என்று புறநானூறு கூறும். அக்கரும்பு நோயால் நலிந்த காலத்து அதனைக் காக்க முயன்றோருள் தலைசிறந்தவர் சர் டி. எஸ். வேங்கடராமன் ஆவார்.

அவர் 1884 ஆம் ஆண்டிற் பிறந்தார். அவருடைய இளமைக் காலத்தில் கோதாவரிக் கழனிகளிற் செவ்வழுகல் என்னும் கொடுநோய் பரவிற்று. அந்நோய்க்குக் காரணம் கண்ணுக்குப் புலனாகாத ஒரு பூசணமாகும். அது பற்றிய கரும்பு தொடக்கத்தில் வெளியே செழிப்பாகவே தோன்றும். பிளந்து பார்ப்பின் உட்சதை சிவந்து, இடையிடையே வெண்திட்டுகளுடன் புளித்த நாற்றம் வீசும். அத்தகைய கரும்பின் கரணையை நட்டால், நோயும் உடன் நடப்பட்டதாகும்.

1912 ஆம் ஆண்டிற் கோயம்புத்தூரிற் கரும்பு இனப்பெருக்க நிலையம் தோன்றியது. கோதாவரிப் பகுதியில் அந்நோயை ஆராய்ந்த பார்பர் என்னும் ஆங்கில அறிஞர் அதன் தலைவரானார். வேங்கடராமனார் அவர்க்குத் துணையானார். வட நாட்டில் அரிதாகவே பூத்து விதை கொள்ளும் கரும்பு, கோவையில் நன்கு பூத்து விதை தரும். ஆதலின் அவ்வூர் ஆராய்ச்சிக்கு ஏற்றதாயிற்று.

தடித்த கரும்பு இனியது, ஆயினும் மெலிவுடையது. காட்டில் வளரும் நாணலோ இனிமையற்றது. ஆயினும் வறட்சிக்கும் நோய்க்கும் எளிதில் அஞ்சாதது. இவ்விரண்டையும் கலந்து பெற்ற கோ 205 என்னும் வகை, 1918 ஆம் ஆண்டில் உழவர் கைக்கு வந்தது. மறு ஆண்டு பார்பர் விலகவே, நிலையத்தின் பொறுப்பு வேங்கடராமனாரைச் சார்ந்தது.

புதுவகைக் கரும்பு ஒவ்வொன்றும் நோயைத் தாங்குமா என ஆராய்தல் வேண்டும். நிற்கும் கரும்பிற் சிறு துளையிட்டுப் பூசண வித்தினைச் செலுத்தித் துளையை அடைப்பர். சில திங்கள் கழித்துப் பிளந்து, செம்மை எத்தனை கணுக்களைக் கடந்தது என எண்ணுவர். இனிமையில் தேறிய கரும்பும் இச்சோதனையில் தோற்பின் தள்ளப்படும்.

கோயம்புத்தூர்க் கரும்புகள் நாடெங்கும் பரவின. சாவகத்துச் சர்க்கரையை எதிர்நோக்கியிருந்த இந்தியா, 1932 ஆம் ஆண்டின் காப்பு வரியும் துணைநிற்கத் தன் தேவையைத் தானே நிறைவு செய்யத் தொடங்கிற்று. ஆனால் 1938 ஆம் ஆண்டினையடுத்துப் பீகாரிலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் புகழ்பெற்று விளங்கிய கோ 213 செவ்வழுகலுக்கு இரையாயிற்று. கரும்பு மாறாதிருக்கப் பூசணம் தன் இயல்பை மாற்றிக்கொள்வதே இத்தகைய வீழ்ச்சிக்குக் காரணம். பின்னர் வேறு கோ வகைகள் அவ்விடத்தை நிரப்பின.

வேங்கடராமனார் 1937 ஆம் ஆண்டில் இந்திய அறிவியல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1956 ஆம் ஆண்டிற் பத்மபூஷண் விருது பெற்றார். 1963 ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார்.

நம் காலத்தும் உத்தரப் பிரதேசத்தில் ஓங்கி விளைந்த கோ 0238 அந்நோய்க்கே ஆட்பட்டது. ஆதலின், மாணவர்களே, ஒருமுறை பெற்ற வெற்றியில் அமைந்து உறங்குதல் அறிவுடைமையன்று. ஓயாது ஆராய்ந்து முயல்வதே அவர் நமக்கு வைத்துச் சென்ற செல்வமாகும்.